கண்ணளவைக் கிராமாக்குவது

"எவ்வளவு உப்பு போடணும் பாட்டி?"
"கொஞ்சம் போடு."
"கொஞ்சம்னா?"
"பார்த்துப் போடு."

பாட்டியின் சமையலைக் குறித்துக்கொள்ள உட்கார்ந்தால் இதற்குமேல் நோட்டில் எழுத ஒன்றுமிருக்காது. பாட்டி எதையோ மறைக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் சந்தேகப்படுவதுண்டு. மறைப்பவர்கள் அபூர்வம். நாற்பது ஐம்பது வருடம் ஒரே குழம்பை வைத்தவருக்கு அளவு கைக்குத் தெரியும், சொல்ல வராது, அவ்வளவுதான். வாய்வழியாகக் கேட்டு எழுதிய குறிப்பில் விடுபட்டுப்போவது ரகசியப் பொருள் எதுவும் அல்ல. தினமும் செய்வதால் அவர் கண்ணுக்கே படாமல் போனவைதான்: இறக்கும்போது விட்ட அரைக் கரண்டி எண்ணெய், அரைத்த ஜாரைக் கழுவி ஊற்றிய தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அடுப்பை அணைத்துவிட்டு மூடிவைத்த பத்து நிமிடம்.

பாட்டி இன்னும் அடுப்படியில் நிற்கிறார் என்றால் கேட்பதை விட்டுவிட்டு எடை போடுங்கள். அதற்கும் அவர் கையைத் தடுக்கக் கூடாது. "இந்தக் கிண்ணத்தில் போட்டுக் காட்டுங்க" என்று நீட்டினால் கை யோசிக்க ஆரம்பித்துவிடும். யோசித்துப் போட்ட உப்பு அவர் வழக்கமாகப் போடும் உப்பு அல்ல. கழித்தல் கணக்குத்தான் சரியான வழி. சமையல் தொடங்கும் முன் உப்பு ஜாடி, எண்ணெய்ப் பாத்திரம், பருப்பு டப்பா எல்லாவற்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போலச் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். 842 கிராம் இருந்த உப்பு ஜாடி 823-க்கு இறங்கியிருந்தால் விழுந்தது 19 கிராம். ஒரே தடவையில் போட்டாரா, மூன்று தடவையாக ருசி பார்த்துப் போட்டாரா என்பது இந்தக் கணக்கைப் பாதிக்காது.

தராசு இரண்டு வேண்டும். 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு 2 கிராம், 3 கிராமை நம்பும்படி காட்டாது. மிளகு, சீரகம், மஞ்சள்தூள் போன்றவற்றுக்கு 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு தேவை. அது கனமான டப்பாவைத் தாங்காது என்பதால் முந்தின நாளே அந்தச் சாமான்களை லேசான டப்பாக்களுக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே கிடந்த பழைய கரண்டியை மட்டும் மாற்றாதீர்கள். அவர் அளவு அந்தக் கரண்டியில் இருக்கிறது.

இன்னும் ஒரு எடை எடுக்கவேண்டும், அநேகமாக எல்லோரும் மறப்பது: காலிப் பாத்திரத்தின் எடையும், சமைத்து இறக்கியபின் பாத்திரத்தோடு சேர்ந்த எடையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழம்பின் கடைசி எடை. 19 கிராம் உப்பு, 1,900 கிராம் குழம்பு என்றால் உப்பு 1 சதவீதம். உப்பும் காரமுமான பெரும்பாலான சமையல் 0.8 முதல் 1.2 சதவீதத்துக்குள் வந்து நிற்கும். உப்பில்லாத சோற்றோடு பிசைந்து சாப்பிடுவது என்றால் மேல் எல்லையை ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும். இந்தச் சதவீதம் கையில் இருந்தால் இரண்டு பேருக்கானாலும் இருபது பேருக்கானாலும் உப்பு தப்பாது. ஸ்பூன் கணக்கு அப்படியல்ல. 5 மில்லி ஸ்பூனில் தூள் உப்பு சுமார் 6 கிராம் பிடிக்கும். கல் உப்பு இடைவெளி விட்டு உட்காருவதால் குறைவாகவே பிடிக்கும். பாட்டி கல் உப்பில் சொன்ன "ரெண்டு ஸ்பூனை" தூள் உப்பில் போட்டுக் கரிக்க வைப்பது இப்படித்தான்.

பிடியும் சிட்டிகையும் தனி வேலை. ஒரு பிடி அரிசியைப் பத்துத் தடவை அள்ளச் சொல்லி, ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது, மிகக் குறைந்ததும் மிகக் கூடியதும் வேண்டும். அந்த இடைவெளி பெரிதாக இருந்து, சமையல் எப்போதும் ஒரே மாதிரி வருகிறது என்றால், அங்கே துல்லியம் தேவையில்லை என்று அர்த்தம். சிட்டிகையை ஒவ்வொன்றாக நிறுக்க முடியாது; பத்துச் சிட்டிகையை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுங்கள். டம்ளர், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை எதுவானாலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்தால் போதும்: ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. பழைய நோட்டில் ஆழாக்கு என்றிருந்தால் சுமார் 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பொதுவான கணக்கு. ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் படி மாறும். வீட்டில் அந்தப் பாத்திரமே கிடைத்தால் பெயரை நம்பாமல் பாத்திரத்தை நம்புங்கள்.

ஒரு பதார்த்தத்துக்குக் குறைந்தது மூன்று நாள் ஒதுக்க வேண்டும். முதல் நாள் வெறுமனே பார்ப்பது, வீடியோ எடுப்பது. இரண்டாம் நாள் எடை. மூன்றாம் நாள் நீங்கள் சமைக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வது. மூன்றாம் நாளை விட்டுவிடாதீர்கள். "இப்பவே தண்ணி ஊத்தாதே", "அந்த வாசனை போகட்டும்", "கரண்டியை அப்படி வைக்காதே" என்று வருகிற ஒவ்வொரு அதட்டலும் முந்தைய இரண்டு நாளில் வெளியே வராத ஒரு வரி. கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்றால், எவ்வளவு என்று கேட்காமல் கெட்டுப்போவதைப் பற்றிக் கேளுங்கள். "இது கூடிப்போனா என்ன ஆகும் பாட்டி?" "திடீர்னு நாலு பேர் கூட வந்தா எதைச் சேர்ப்பீங்க?" "இதுல எதைப் போடவே கூடாது?" இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும்.

வீடியோவில் முகம் வேண்டாம், பாத்திரத்துக்குள் தெரியவேண்டும். போனைப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் சாய்த்து வையுங்கள்; நேர் மேலே வைத்தால் ஆவியில் லென்ஸ் மங்கிவிடும். படத்துக்குள் ஒரு வெள்ளைத் தட்டு தெரியட்டும். மஞ்சள் விளக்கொளியில் எல்லாமே பொன்னிறமாகத்தான் தெரியும். வெள்ளைத் தட்டு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒலி முக்கியம், அடுப்படியில் பேச்சைக் குறையுங்கள். ஈரமுள்ள வெங்காயம் எண்ணெயில் விழும்போது எழும் சடசடப்பு, ஈரம் வற்ற வற்ற அடங்கிக்கொண்டே வரும். பழகியவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே "வெங்காயத்தைக் கிளறு" என்பது அதைக் கேட்டுத்தான்.

இனி பதம். குறிப்புகள் பொய்யாவது பெரும்பாலும் இங்கேதான். "வெங்காயம் பொன்னிறமாகும்வரை 5 நிமிடம் வதக்கவும்" என்று அச்சில் படித்திருப்பீர்கள். வெங்காயத்தில் ஏறத்தாழ 89 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் போகும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறாது; நிறமும் மணமும் வேகமாக மாறத் தொடங்குவது ஏறத்தாழ 140 டிகிரியில். கால் கிலோ வெங்காயத்தை நடுத்தரத் தீயில் சீராகப் பொன்னிறமாக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 நிமிடத்தில் கிடைப்பது ஓரம் கருகி நடு வெள்ளையாக நிற்கும் வெங்காயம். அதோடு நிறுத்தி அடுத்த சாமானைப் போட்டுவிட்டு, பாட்டியின் குழம்பில் இருந்த இனிப்பான அடிச்சுவையைக் கடையில் வாங்கும் மசாலாப் பொடியில் தேடுகிறோம்.

"எண்ணெய் பிரிந்து வரும்வரை" என்பது இன்னொரு பொறி. மசாலாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, அதுவரை கலந்திருந்த எண்ணெய் பிடிப்பு விட்டு வெளியே வருவதுதான் அந்த அடையாளம். அது தெரிய எண்ணெய் இருந்தாக வேண்டும். பாட்டி 80 மில்லி விட்ட இடத்தில் நீங்கள் உடம்பை நினைத்து 15 மில்லி விட்டால் எண்ணெய் பிரியவே பிரியாது. காத்திருந்து காத்திருந்து அடிபிடித்ததுதான் மிச்சம். எண்ணெயைக் குறைத்தால் அடையாளத்தையும் மாற்ற வேண்டும்: பச்சை வாசனை போய், கரண்டியால் இழுத்தால் அடி ஒரு நொடி தெரிந்து மூடினால் போதும்.

பாகுக்கு மட்டும் தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது நல்லது. ஒற்றைக் கம்பி என்பது 105 டிகிரியை ஒட்டி, தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருவது 112 முதல் 116, தட்டினால் சத்தம் வரும் கெட்டிப் பாகு 146-க்கு மேல். இந்த எண்களை எழுதும் முன் அதே தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 காட்டவேண்டும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். உங்கள் வீட்டில் தண்ணீர் 97-ல் கொதித்தால் எல்லாப் பதத்திலும் 3-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பாட்டியின் விரல் பார்த்துக்கொண்டிருந்தது சூட்டை அல்ல, பாகில் மிஞ்சிய தண்ணீரை. அதனால்தான் மலையிலும் சமவெளியிலும் அவர் பதம் தப்பவில்லை.

பாத்திரத்தின் வாய் அகலத்தைக் குறித்துவைக்கிறவர்கள் குறைவு. 20 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரத்துக்கும் 28 சென்டிமீட்டர் வாயுள்ளதற்கும் பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். ஆவியும் அதற்கேற்ப வேகமாகப் போகும். பத்துப் பேருக்கு வைத்த குழம்பை இரண்டு பேருக்குச் சுருக்கும்போது எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்துவிட்டு அதே அகலச் சட்டியில் வைத்தால் சீக்கிரமே வற்றிப்போகும். உப்பையும் மசாலாவையும் எடைப்படி வகுக்கலாம். தண்ணீரையும் நேரத்தையும் வகுக்கக் கூடாது. கடைசி எடையை மட்டும் வகுத்துக்கொண்டு, அந்த எடை வரும்வரை கொதிக்கவிடுங்கள். கனமான சட்டியானால் அடுப்பை அணைத்தபின்னும் வெந்துகொண்டே இருக்கும். "சட்டென்று இறக்கிவிடுவேன்" என்று அவர் சொன்னது அந்தச் சட்டியை மனதில் வைத்து. மெல்லிய பாத்திரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் விடவேண்டியிருக்கும்.

அம்மியா மிக்ஸியா என்ற விவாதத்தில் ஏக்கம் அதிகம், விஷயம் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் நிஜம். கல் நசுக்கும், பிளேடு வெட்டும். பிளேடு ஓட ஓட சூடும் ஏறும், ஓடுவதற்குத் தண்ணீரும் கூடக் கேட்கும். அதிகமாக ஊற்றிய அந்தத் தண்ணீர் சட்டியில் வற்றும்வரை மசாலா வறுபடாமல் வேகும். மிக்ஸியில் அரைப்பதானால் குளிர்ந்த தண்ணீரில், விட்டுவிட்டு ஓட்டி, தண்ணீரைக் கரண்டிக் கணக்கில் சேர்த்தால் பெரும்பகுதி வித்தியாசம் மறைந்துவிடும்.

சாமான்களும் மாறியிருக்கும். பழைய அரிசி புது அரிசியைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். இளங்கோழி அரை மணியில் வெந்துவிடும். பாட்டி மணிக்கணக்கில் கொதிக்கவிட்டது முற்றிய கோழியை, சாற்றின் கெட்டி அந்த நேரத்தில் வந்தது. பருப்பு வேகவில்லை என்றால் பழியைப் பருப்பின்மேல் போடும் முன் இரண்டைப் பாருங்கள்: தண்ணீர் கடினமானதா, புளிப்பு எப்போது சேர்ந்தது. புளியோ தக்காளியோ எலுமிச்சையோ முதலிலேயே விழுந்தால் பருப்பும் காயும் மெத்தென்று ஆவது தள்ளிப்போகும். "வெந்தப்புறம்தான் புளி" என்பதைப் பழக்கம் என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். புளிக்கவைக்கும் மாவுக்கு "ராத்திரி பூரா" என்ற அளவும் இப்படித்தான். 30 டிகிரியில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது 22 டிகிரியில் அதே நேரத்தில் பாதிகூட எழும்பாமல் கிடக்கும். மணியை எழுதாதீர்கள். பாத்திரத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, எந்த உயரம் வந்ததும் எடுத்தார் என்று எழுதுங்கள்.

பாட்டி இல்லை, குறிப்பும் இல்லை என்றால் வேலை துப்பறிவதைப் போன்றது. சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். நாலு பேரைக் கூட்டிவைத்துக் கேட்டால் முதலில் பேசுகிறவரின் நினைவே எல்லோருடைய நினைவாகிவிடும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அமிர்தம்" என்பார்கள், ஒன்றுக்கும் உதவாது. நிறம் செங்கல்லா, காப்பியா? கரண்டியில் ஒட்டியதா, வழிந்ததா? மேலே எண்ணெய் நின்றதா? கடிபட்டது என்ன? எதோடு சாப்பிட்டீர்கள்? முக்கியமாக, அன்றைக்கா, மறுநாளா? பலர் நினைவில் வைத்திருப்பது மறுநாள் சுண்டவைத்த குழம்பை. அன்று வைத்ததை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் என்றைக்கும் கிட்டாது.

சமைத்ததைப் பார்த்தவர்களைவிடச் சாமான் வாங்கிக் கொடுத்தவர்கள் நல்ல சாட்சி. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ வெங்காயம், எந்த மிளகாய் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். பழைய மளிகைச் சீட்டு ஒன்று அகப்பட்டால் பொக்கிஷம். பாட்டியின் தங்கை, மூத்த மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் கையில் அதே சமையலின் ஒரு கிளை இருக்கும். பாட்டியின் எந்த வயதுச் சமையல் என்பதையும் கேளுங்கள். வயதாக ஆக மோப்பமும் நாக்கும் மங்கும். கடைசிக் காலத்தில் உப்பும் காரமும் தூக்கலாக விழுந்திருக்கலாம். பெரிய பேரன் சொல்வதும் சின்னப் பேத்தி சொல்வதும் பொருந்தாமல் போக இது ஒரு காரணம்.

பிறகு அதே பதார்த்தத்துக்கு நாலைந்து குறிப்புகளைத் திரட்டி, முக்கியப் பொருளை 100 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் விகிதமாக மாற்றி எழுதுங்கள். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருப்பது முதுகெலும்பு, அதைத் தொடாதீர்கள். எண்கள் சிதறிக்கிடக்கும் இடத்தில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது; தேட வேண்டியது அங்கே. நடு எண்ணில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி நன்றாக வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. கெட்டுப்போனதைவிட இது மோசம்.

"என்னவோ குறையுது" என்று தோன்றும்போது கை மசாலாவுக்குத்தான் போகும். அது கடைசி. முதலில் உப்பு, பிறகு புளிப்பு, பிறகு எண்ணெய் அல்லது கொழுப்பு, பிறகு வதக்கிய அளவும் கொதித்த நேரமும், இவை சரியாகியும் குறைந்தால் மட்டும் மசாலா. உப்பு 0.2 சதவீதம் குறைந்தாலே எல்லா மசாலாவும் மங்கித் தெரியும், அதற்காக மசாலாவைக் கூட்டினால் கசப்பு ஏறும். செலவில்லாத சோதனை: ஒரே குழம்பை நாலு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் உப்பு, ஒன்றில் சில சொட்டுப் புளிப்பு, ஒன்றில் அரை ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பாருங்கள். எந்தக் கிண்ணம் நினைவுக்கு நெருக்கம் என்று உடனே தெரியும்.

வீட்டில் சண்டை வந்தால் (வரும்) தீர்க்க மூன்று கிண்ணச் சோதனை இருக்கிறது. இரண்டில் ஒரே குழம்பு, மூன்றாவதில் மாற்றியது, வரிசையைச் சொல்லாமல். தனியாக இருப்பது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால் ஐந்தாறு தடவையாவது நடத்துங்கள். பெருங்காயத்தின் தினுசை மாற்றியதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதைத் தேடி அலைவதை அன்றோடு நிறுத்திவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் பாட்டியின் வழக்கத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது: நாள்பட வைத்திருப்பவை. அவர் போட்ட ஊறுகாய் நின்றது என்றால் உப்பும் புளிப்பும் வெயிலும் சேர்ந்து நிறுத்தியது. உப்பை உடம்புக்காகப் பாதியாக்கிவிட்டு அதே ஜாடியில் அதே மாதக்கணக்கில் வைத்தால் அந்தக் காவல் போய்விடும். புளிப்பு அளவான பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருக்கவேண்டும். அதற்கு மேலே, காற்றுப்படாத எண்ணெய்க்கடியில், குறிப்பாகப் பச்சைப் பூண்டில், உயிரைக் கொல்லும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். அது மணத்திலும் சுவையிலும் காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம். உப்பைக் குறைத்த ஊறுகாயைக் கொஞ்சமாகப் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். மறுநாள் குழம்புக்கும் அப்படியே: இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, மறுநாள் தளதளவென்று கொதிக்கவைத்தே எடுக்கவேண்டும்.

எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: அளவு, அடையாளம், தப்பினால் என்ன ஆகும். "வெங்காயம் 250 கிராம், நீளவாக்கில் / சடசடப்பு அடங்கி ஓரம் மட்டுமல்ல நடுவும் நிறம் மாறும்வரை, சுமார் 22 நிமிடம் / சீக்கிரம் நிறுத்தினால் குழம்பு பச்சையாக இருக்கும், கருகினால் கசக்கும், மீட்க முடியாது." கீழே பாத்திரத்தின் வாய் அகலம், கடைசி எடை, தேதி, இது எத்தனையாவது முயற்சி. பாட்டி சொன்ன வார்த்தையை அவர் பேச்சிலேயே ஓரத்தில் எழுதிவையுங்கள். "அந்த வாசனை போகட்டும்" என்பதற்கு உங்கள் கிராம் கணக்கு எதுவும் ஈடில்லை. போனில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் வேண்டும். பேனா மை ஈரக்கையில் கலையும், பென்சில் கலையாது. எண்ணெய் படும் என்பதால் அடுப்படிக்கு ஒரு நகல் போதும். மூலத்தை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.